ஐந்து படித் தாலாட்டு

ரெங்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஏழாங்கட்டை ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் முன்பு வாத்தியார் என்று ஒருவர் இருந்தார். ஒரு நாள் பல் வலிக்கு மருந்து வாங்கி வருகிறேன் என்று சிங்கப்பூருக்கு ரயில் ஏறினார். பல் வலி என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது. ஆள் திரும்பவில்லை. விடியுமுன் ஆள் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் பெரிய துரை நின்றுகொண்டு, தமிழ் படிக்கத் தெரிந்தவர் யார் என்று கணக்கு எழுதும் கிராணியை விட்டுக் கேட்டார். ஆண்கள் எல்லாரும் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் போய் நின்றார்கள். ரப்பர்ப் பால்வாளியோடு நின்றிருந்த புஷ்பவள்ளி, தஞ்சாவூர்ப் பக்கம் பாதிரியார் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள், "எனக்குத் தெரியுங்க" என்று சொல்லிவிட்டாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். கரும்பலகைக்கு முன்னால் நின்ற முதல் நாளே அவளுக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. ரப்பர் மரத்தில் எத்தனை வருஷம் பால் வெட்டினாலும் அது ஒரு கேள்வி கேட்காது. பிள்ளைகள் கேட்டன. "மழை ஏன் மேலயிருந்து விழுவுது? கீழயிருந்து ஏன் விழல?" என்று ஒரு பொடியன் கேட்டபோது, அவள் அன்று முழுக்க அதையே நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தை ஒட்டி, பலகைச் சுவர் ஒன்றே இடையில் இருக்க, வாத்தியாருக்கென்று ஒரு வீடும் இருந்தது. தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீட்டைப் போல அடுத்த வீட்டுக்காரன் இருமினால் இங்கே விளக்கு ஆடும் வீடில்லை. புஷ்பவள்ளி, அவள் புருஷன் காளியப்பன், இரண்டு வயதாகியும் தூளியை விடாத மகள் சந்திரமதி, மூவரும் அங்கே குடிவந்தார்கள்.

அப்புறம் சர்க்கார் வந்தது. பயிற்சி பெறாதவர் பள்ளிக்கூடம் நடத்தக் கூடாது; ஆகையால் தோட்டத்து வாத்தியார்கள் எல்லாரும் சனிக்கிழமைதோறும் குளுவாங்கில் நடக்கும் வகுப்புக்கு வர வேண்டும்; மூன்று வருஷம் படித்துப் பரீட்சை எழுத வேண்டும்; கடைசியில் இன்ஸ்பெக்டர் பள்ளிக்கூடத்துக்கே வந்து, பாடம் நடத்துவதைக் கண்ணால் பார்ப்பார். தேறினால் சர்டிபிகேட். தேறாவிட்டால், தேறிய ஆள் ஒருவர் குளுவாங்கிலிருந்து வருவார்; புஷ்பவள்ளி மறுபடியும் பால்வாளியைத் தூக்குவாள். படிக்கவும் சொல்லி, படிக்க இருந்த ஒரு நாளையும் பிடுங்கிக்கொண்டது சர்க்கார். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்றால் இதுதான்.

வகுப்பில் இவள் ஒருத்திதான் பொம்பளை. பக்கத்து பெஞ்சில் அர்ச்சுனன் வாத்தியார், வேறொரு தோட்டத்துக்காரர், உட்காருவார். அவர் வாரா வாரம் பெருமூச்சு விடுவார். "வீட்டுல படிக்கவே முடியலம்மா. நான் புஸ்தகத்த எடுத்தா போதும், கோப்பி வேணுமா, விசிறட்டுமா, பிள்ளைங்கள வெளிய அனுப்பட்டுமான்னு என் சம்சாரம் பாடாப் படுத்துறா." புஷ்பவள்ளி அவருக்காக வருத்தப்பட முயன்றாள். வரவில்லை.

'பயிற்றுமுறை' என்ற புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே ஒரு அறிவுரை இருந்தது. மாணவ ஆசிரியர் அதிகாலையில் நீராடி, அமைதியான அறையில், வேறு சிந்தனையின்றித் தனியே அமர்ந்து படிக்க வேண்டும். புஷ்பவள்ளி இதை ஒரு கையால் சோற்றைக் கிளறிக்கொண்டு, இடுப்பில் சந்திரமதியை வைத்துக்கொண்டு, அடுப்புப் புகையில் கண்ணைச் சுருக்கிப் படித்தாள். எழுதிய மகராசனுக்குப் பிள்ளை பெற்றுத் தந்தவள் யாராயிருந்தாலும் அவள் நன்றாயிருக்கட்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

காளியப்பனைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நல்ல மனுஷன். ஊரே சொல்லும். புகைக்கொட்டகையில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் வேலை. கள்ளுக்கடைப் பக்கம் போனாலும் வழி மறக்காமல் வீடு வந்து சேருவான். பெண்டாட்டி படிப்பதை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. பிள்ளையை மட்டும் தூக்க மாட்டான். தூக்கினால் பிள்ளை அழுகிறது, அதனால் தூக்குவதில்லை. தூக்காததால் பிள்ளைக்குப் பழக்கமில்லை; அதனால் அழுகிறது. இதில் அவன் குற்றம் எங்கே இருக்கிறது? தூளியை ஆட்டச் சொன்னால், "ஆட்டலாம் புள்ள. பாடணுமே. எனக்குப் பாட்டு எங்க வருது?" என்பான். அதுவும் உண்மைதான். மாரியம்மன் கோயில் பஜனையில் அவன் ஒருமுறை வாயைத் திறந்தபோது, இனிமேல் நீ விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும் என்று எல்லாரும் சேர்ந்து கேட்டுக்கொண்டார்கள்.

ஆகவே தூளிக்கயிறு புஷ்பவள்ளி கையில். புத்தகம் மறு கையில். பாட்டு நின்றால் சந்திரமதி கண்ணைத் திறப்பாள். பாடிக்கொண்டே படிக்க முடியவில்லை. படித்துக்கொண்டே பாடவும் முடியவில்லை. உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் பொறுமை போய், படிப்பதையே ராகத்தில் இழுத்தாள்.

"ஆராரோ ஆரிரரோ, ஆயத்தம் முதல் படியாம்,
அறிஞ்சதக் கேட்டபின்னே அறியாதது சொல்லிடணும்.
எடுத்துரைத்தல் ரெண்டாம் படி, எதிரே பொருள் வைக்கணும்.
ஒப்பிடுதல் மூணாம் படி, ஒண்ணுக்கொண்ணு பாக்கணும்.
பொதுவிதியே நாலாம் படி, பொறுமையா காணணும்.
பயன்படுத்தல் அஞ்சாம் படி, பால்குடிக்கும் சந்திரமதி."

ஒரு பாடத்தைக் கற்பிக்கும் ஐந்து படிகள் இவை. பரீட்சைக்கு வேறு எது வராவிட்டாலும் இது வரும் என்று சொல்லியிருந்தார்கள். சந்திரமதி இரண்டாம் படியிலேயே கொட்டாவி விட்டு, நாலாம் படிக்குள் தூங்கிப்போனாள். புஷ்பவள்ளிக்குப் புதையல் கிடைத்த மாதிரி இருந்தது. அன்றிலிருந்து அவள் வீட்டில் வேறு தாலாட்டு கிடையாது. இரண்டாம் வருஷம் செல்வராணி பிறந்தாள். அதே தூளி, அதே ஐந்து படி, கடைசிப் பெயர் மட்டும் மாறிற்று. செல்வராணி அக்காவைப் போல இல்லை. லேசில் தூங்க மாட்டாள். மூன்றாம் படியில் கண்ணைத் திறந்து சிரிப்பாள். அந்த இடத்தில், "ஒண்ணுக்கொண்ணு பாக்கணும்" என்பதற்குப் பிறகு, "தூங்கித் தொலையேண்டி" என்று ஒரு வரி தானாக வந்து சேர்ந்தது. ராகத்துக்கும் அது சரியாக உட்கார்ந்தது. சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருக்கும் காளியப்பனின் மூச்சு மட்டும் சீராக வந்துகொண்டிருக்கும். கொடுத்துவைத்தவன் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

தோட்டத்தில் தாய்மார்கள் இருட்டோடு பால் வெட்டப் போய்விடுவார்கள். கைப்பிள்ளைகளைப் பிள்ளைக்கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார்கள். அதைப் பார்த்துக்கொள்ளும் ஆயா பேச்சியம்மாள். கொட்டகை முழுக்க வரிசையாகத் தூளிகள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தொண்டை. புஷ்பவள்ளி பள்ளிக்கூட நேரத்தில் சந்திரமதியையும், பிறகு செல்வராணியையும் அங்கேதான் விட்டாள். சந்திரமதிக்கு இந்தப் பாட்டுப் பழகிய முதல் வாரமே பேச்சியம்மாள் சண்டைக்கு வந்துவிட்டாள்.

"வாத்தியாரம்மா, ஒன் மவ நான் பாடுற எதுக்கும் தூங்க மாட்டேங்குது. நீ என்னத்தப் பாடித் தொலைக்கிற? எனக்கும் சொல்லிக் குடு."

புஷ்பவள்ளி சொல்லிக் கொடுத்தாள். பேச்சியம்மாள் முழுக்கக் கேட்டுவிட்டு மோவாயில் கை வைத்தாள்.

"இது என்னாடி பாட்டு? சாமி இல்ல, பூ இல்ல. ஒரு மாமன் கூடவா இல்ல? மாமன் இல்லாத தாலாட்டு வெளங்குமா?"

"அது பாடம் அக்கா. இன்ஸ்பெக்டர் வந்து கேப்பாரு."

"அப்ப அவனையே மாமனாப் போட்டுட்டாப் போச்சு" என்று பேச்சியம்மாள் அப்போதே ஒரு வரி கட்டினாள். "இன்சிபெட்டர் மாமன் வந்தா, எந்திரிச்சு கும்பிடணும்." பாடிப் பார்த்தாள். கொட்டகை அடங்கிற்று. அழுமூஞ்சி என்று தோட்டமே கைவிட்ட ஒரு பிள்ளைகூட வாயில் விரலோடு உறங்கிவிட்டது. அதற்கப்புறம் பேச்சியம்மாளும் வேறெதுவும் பாடவில்லை. ஏன் பாட வேண்டும்? தினமும் முற்பகலில், வெயில் தகரக் கூரையில் ஏறும் நேரத்தில், கொட்டகையிலிருந்து ஐந்து படியும் கேட்கும். தாய்மார்கள் வந்து தூக்கிப் போய் வீட்டிலும் அதையே பாடினார்கள். மூன்று வருஷத்தில் ஏழாங்கட்டைத் தோட்டத்தில் தூளியில் கிடந்த பிள்ளை ஒன்றுகூட இதைக் கேட்காமல் வளரவில்லை. அவற்றில் மூத்தவை வளர்ந்து, நடந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, முதல் வகுப்பில் வந்து உட்கார்ந்தன. சந்திரமதியும் அதில் ஒருத்தி. இதைப் பற்றி யாரும் எதுவும் யோசிக்கவில்லை. யோசிக்க யாருக்கு நேரம்?

எழுத்துப் பரீட்சை முடிந்தது. அதில் தேறிவிட்டாள் என்று குளுவாங்கிலிருந்து சொல்லியும் அனுப்பினார்கள். மிச்சமிருந்தது இன்ஸ்பெக்டர் பார்க்கும் பாடம் ஒன்றுதான். அவர் வரும் நாளுக்கு முந்தைய வாரம் செல்வராணிக்குப் பல் முளைத்தது. பல் முளைப்பதற்கும் ஒரு நாள் நட்சத்திரம் பார்க்கக் கூடாதா? அந்த வாரம் புஷ்பவள்ளி படுத்தாள் என்பது உண்டு. தூங்கினாள் என்பது இல்லை. சோற்றில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். காளியப்பன் சாப்பிட்டுவிட்டு, "நல்லாருக்கு" என்றான். நல்ல மனுஷன் என்று முன்னமே சொன்னேனே.

இன்ஸ்பெக்டர் காலை ரயிலில் ரெங்கம் வந்து, கிராணி அனுப்பிய காரில் செம்மண் சடக்குப் பாதையில் குலுங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். வெள்ளைக் கோட்டு, சோலாத் தொப்பி, சிரிப்பதை எங்கோ மறந்து வைத்துவிட்ட முகம். உள்ளே நுழைந்ததும் முதல் வகுப்புப் பிள்ளைகள் எழுந்து கைகூப்பி, ஒரே குரலில் "வந்தனம் மாமா!" என்றன.

இன்ஸ்பெக்டர் புஷ்பவள்ளியைப் பார்த்தார். "இவர்கள் எல்லாரும் உமக்குச் சொந்தமா?"

"ஒருத்திதாங்க சொந்தம். மத்ததெல்லாம் பிள்ளைக்கொட்டகையில பழகினதுங்க."

அவருக்கு அது விளங்கவில்லை. விளங்காததை அவர் கேட்பவரும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். மேசை மேல் பாடத்துக்கான தவளை ஒன்று சட்டியில், ஓட்டை போட்ட மூடிக்குள் காத்திருந்தது. தவளையைக் காட்டி ஐந்து படியிலும் பாடம் நடத்துவதாகத் திட்டம்.

"தொடங்குமுன் ஒரு கேள்வி. பாடத்தின் படிகளை வரிசையாகச் சொல்லும். முதல் படி என்ன?"

"ஆயத்தம் ஐயா."

"இரண்டாம் படி?"

புஷ்பவள்ளி வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. மூன்று வருஷமாக ஒரு நாள்கூட அவள் இதை ராகம் இல்லாமல் சொன்னதில்லை. எழுத்துப் பரீட்சையில் மனசுக்குள் பாடிக்கொண்டே எழுதிவிட்டாள். அங்கே யாருக்குத் தெரியும்? இப்போது ராகத்தை எடுத்துவிட்டுச் சொல்லைத் தேடினால் சொல்லையும் காணோம். தெரியாமல் இல்லை. தெரியும். எங்கேயோ இருக்கிறது. உடம்பு முழுக்கத் தூக்கம் ஈரச் சாக்கைப் போலக் கனத்தது.

"இரண்டாம் படி?" என்று இன்ஸ்பெக்டர் மறுபடி கேட்டார். பேனாவைத் திறந்தார்.

பேனாவைக் கண்டதும் அவளுக்குப் பால்வாளி ஞாபகம் வந்தது. ஆபத்துக்குப் பாவமில்லை என்று மெல்லிய குரலில் முதலிலிருந்து எடுத்தாள். "ஆராரோ ஆரிரரோ, ஆயத்தம் முதல் படியாம்…" வலது கை தானாக எழுந்து, இல்லாத கயிற்றைப் பிடித்து ஆட்டத் தொடங்கிற்று. வெயில் கூரையில் ஏறியிருந்தது. கொட்டகையில் தூங்க வைக்கும் அதே நேரம்.

ஐந்து படியும் பிசகில்லாமல் வந்தது. மூன்றாம் படியில் அந்த வரியை மட்டும் பல்லைக் கடித்து விழுங்கினாள். முடித்துவிட்டு, தப்பித்தோம் என்று நிமிர்ந்தாள். வகுப்பில் சத்தமே இல்லை. இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்தார். முன்வரிசை ஒருவர் மேல் ஒருவராகச் சாய்ந்திருந்தது. நடு வரிசை பெஞ்சில் தலை கவிழ்த்திருந்தது. கடைசி வரிசை தரையிலேயே படுத்துவிட்டது. சந்திரமதி வாயில் விரலோடு, பாவாடையை வசதியாகச் சுருட்டிக்கொண்டு தூங்கினாள். ஒரு பிள்ளை குறட்டை விட்டது. தவளைகூட அசையவில்லை.

"இது என்ன?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தூங்கிட்டாங்க ஐயா."

"அது தெரிகிறது. எழுப்பும்."

அடி மேல் அடி விழுந்தாலும் தலையாட்டிப் பழகியவள்தான் அவள். சர்க்கார் சொன்ன சனிக்கிழமைக்குத் தலையாட்டினாள், தோட்டம் சொன்னதற்குத் தலையாட்டினாள், புருஷன் சொன்னதற்கும் ஆட்டினாள். இதற்கு மட்டும் தலை ஆடவில்லை. தூங்கும் பிள்ளையை எழுப்புவது என்பது எந்தத் தாய்க்கும் கை வராத காரியம். மூன்று வருஷத்தில் அவள் மனதாரக் கும்பிட்ட தெய்வம் பிள்ளைகளின் தூக்கம் ஒன்றுதான்.

"மாட்டேனுங்க ஐயா. இதுங்களோட ஆத்தாமாரு பிரட்டுக்குப் போறப்பவே இதுங்களும் முழிச்சதுங்க. தூங்குற பிள்ளைய எப்பிடிங்க எழுப்புறது?" என்றாள்.

இன்ஸ்பெக்டருக்கும் வீட்டில் ஐந்து பிள்ளைகள். அவர்களைத் தூங்க வைப்பது யார் என்று அவர் இதுவரை கேட்டதில்லை. பேனாவை மூடினார். இந்த மாதிரி நடந்தால் என்ன எழுத வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

"கிராணி வீட்டில் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்கு வருகிறேன். பாட்டு இல்லாமல் பாடம் நடக்க வேண்டும். அப்போதும் இப்படியென்றால், தேறவில்லை என்று எழுதிவிட்டுப் போவேன். நாலு மணிக்கு எனக்கு ரயில்" என்று எழுந்து போனார்.

அவர் தலை மறைந்ததும் பேச்சியம்மாள் செல்வராணியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிள்ளை கத்திய கத்தலில் அவள் முகமே கோணியிருந்தது. "எனக்குத் தொண்ட கட்டிக்கிச்சு வாத்தியாரம்மா. காத்துதான் வருது. எல்லாத்தையும் தட்டிக் குடுத்துத் தூங்க வச்சிட்டேன், ஒன் மவளத் தவிர. இந்தா புடி" என்று கையில் திணித்துவிட்டுப் போனாள். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வருவதுண்டு. இது குறுக்கே வந்து கடிக்கவும் செய்தது. புதுப் பல் தோளில் இறங்கிற்று.

அந்த நேரத்துக்குக் காளியப்பன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தான். புகை வாசனையோடு வாசலில் நின்று, "என்னா, பாஸா?" என்றான்.

புஷ்பவள்ளி பிள்ளையை நீட்டினாள். "ரெண்டு மணிக்கு மறுபடி வராரு. இவளத் தூங்க வைங்க."

"நானா? எனக்குப் பாட்டு எங்க புள்ள…"

மற்ற நாளாயிருந்தால் அவள் பதில் சொல்லியிருப்பாள். சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தானே வாங்கிக்கொண்டும் இருப்பாள். இன்று பதில் சொல்லத் தெம்பில்லை. பிள்ளையை அவன் கையில் வைத்தாள். விட்டால் விழும் என்கிற மாதிரி வைத்தாள், அதனால் அவன் பிடித்துத்தான் ஆக வேண்டியிருந்தது. திரும்பிப் பள்ளிக்கூடத்துக்குள் போய், பலகைச் சுவர் ஓரமாக, தூங்கும் பிள்ளைகளுக்கு நடுவில் தரையில் சாய்ந்தாள். பாட்டு இல்லாமல் ஒருமுறை சொல்லிப் பார்க்கலாம் என்றுதான் சாய்ந்தாள். இரண்டாம் படி என்ன? சுவருக்கு அந்தப் பக்கம் செல்வராணி அலறினாள். தூளிக்கயிறு கிறீச்சிட்டது. அவன் செருமினான். இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தான் போலிருக்கிறது; காலடி வாசல் வரை போய்த் திரும்பிற்று. அப்புறம் அரம் போட்ட மாதிரி ஒரு குரல் கேட்டது.

"ஆராரோ ஆரிரரோ… ஆயத்தம் முதல் படியாம்…"

புஷ்பவள்ளி கண்ணைத் திறந்தாள்.

"எடுத்துரைத்தல் ரெண்டாம் படி, எதிரே பொருள் வைக்கணும். ஒப்பிடுதல் மூணாம் படி, ஒண்ணுக்கொண்ணு பாக்கணும்… தூங்கித் தொலையேண்டி…"

அந்த வரியைக்கூட விடவில்லை பாவி! அவள் இழுக்கும் இடத்தில் இழுத்தான், பெருமூச்சு விடும் இடத்தில் பெருமூச்சும் விட்டான். அப்படியானால் எல்லாம் கேட்டிருக்கிறது. சுவர் பக்கம் திரும்பிச் சீராக மூச்சு விட்டதெல்லாம் தூக்கம் இல்லை. இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று இருந்தவன், மூன்று வருஷமாக ஒரு சொல் தவறாமல் மனப்பாடம் பண்ணிக்கொண்டு, எனக்குப் பாட்டு எங்கே வருகிறது என்று படுத்திருந்திருக்கிறான். கல்லுளிமங்கன்!

கோபத்தில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எழுந்து போய் இப்போதே கேட்டுவிட வேண்டும் என்றிருந்தது. என்னத்தைக் கேட்பது என்று சொற்களைக்கூட அடுக்கினாள். ஆனால் எழுந்திருக்க வேண்டுமே. தரை குளிர்ச்சியாக இருந்தது. சந்திரமதியின் மூச்சு கழுத்தில் சுட்டது. அந்தப் பாட்டை அவள் எத்தனையோ தடவை பாடியிருக்கிறாள். அவளுக்காக அதை யாரும் பாடியதில்லை. இப்போதும் அவளுக்காக இல்லைதான். ஆனாலும் காது அவளுடையது. பொதுவிதியே நாலாம் படி என்று கேட்டது. ஐந்தாம் படி அவளுக்குக் கேட்கவில்லை.

பிள்ளைகளின் கூச்சலில்தான் விழித்தாள். தவளைச் சட்டியைச் சுற்றி ஒரே ரகளை. ஒரு கணம் எங்கே இருக்கிறோம் என்றே தெரியவில்லை. தலைக்குள் யாரோ கூட்டிப் பெருக்கிவிட்டுப் போன மாதிரி இருந்தது. முகத்தைக் கழுவி, கொண்டையைத் தட்டி முடித்தபோது வாசலில் கார் வந்து நின்றது.

"இரண்டாம் படி?" என்றார் இன்ஸ்பெக்டர், உட்காருமுன்பே.

"எடுத்துரைத்தல் ஐயா. அதுக்கு அப்புறம் ஒப்பிடுதல், பொதுவிதி, பயன்படுத்தல்." சொல்லிவிட்டு அவளே ஆச்சரியப்பட்டாள். கை மேசை மேல் அப்படியே இருந்தது.

பாடம் நடந்தது. தூங்கி எழுந்த பிள்ளைகள் பட்டாசு மாதிரி வெடித்தன. மழை வந்தால் யார் கத்துவது என்று கேட்டால் பத்துக் கை எழுந்தது. மூடியை எடுத்ததும் தவளை ஒரே தாவில் இன்ஸ்பெக்டரின் சோலாத் தொப்பிக்குள் போய் உட்கார்ந்தது. "மாமா, அசையாதீங்க!" என்று சந்திரமதி கத்தினாள். மாமா அசையவில்லை. தவளைக்கும் கோழிக்கும் கால் எப்படி வேறுபடுகிறது என்பதைப் பிள்ளைகள் தொப்பியைச் சுற்றி நின்றே ஒப்பிட்டுச் சொன்னார்கள். அன்று மழைக்கேள்வி கேட்ட பொடியன், இப்போது நாலாம் வகுப்பு, வரிசையை மீறி வந்து, "தவள ஏன் மேலயிருந்து விழல?" என்று கேட்டான். புஷ்பவள்ளி சிரித்துவிட்டாள். பரீட்சை என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று. இந்த வேலையை விட்டுவிட்டு எப்படியடி இருந்திருப்பாய் என்று அவளுக்கே தோன்றிற்று.

இன்ஸ்பெக்டர் தொப்பியைத் தட்டிவிட்டு எழுந்தார். "தேறிவிட்டீர்" என்றார். "காலையில் பிணம் மாதிரி கிடந்த வகுப்பு. என்ன செய்தீர்?"

"தூங்க விட்டேனுங்க ஐயா. நானும் தூங்கினேன்."

அவர் பேனாவைத் திறந்தார். யோசித்தார். அப்படி ஒரு முறை எந்தப் புத்தகத்திலும் இல்லாததால் மூடிவிட்டார்.

செய்தி லயத்துக்கு ஓடிற்று. பேச்சியம்மாள் குரலே இல்லாத தொண்டையால் குலவை போட்டாள்; காற்று மட்டும் வந்தது. சாயங்காலம் வாத்தியார் வீட்டு வாசலில் கூட்டம். காளியப்பன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நடுவில் நின்றான். "என்னா காளியப்பா, பொண்டாட்டி சர்டிபிகேட் வாங்கிட்டாளாமே!" என்றவர்களிடமெல்லாம், "ஆமாண்ணே. நாமதானே படிக்க வச்சோம்" என்று அடக்கமாகச் சொன்னான். புஷ்பவள்ளி எல்லாருக்கும் கோப்பி ஊற்றிக்கொண்டே அதைக் கேட்டாள்.

விளக்கு வைத்ததும் கூட்டம் கலைந்தது. சந்திரமதி சுருண்டாள். காளியப்பன் வழக்கம்போல் பாயில் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தான். மூச்சு சீராக வரத் தொடங்கிற்று. செல்வராணி தூளிக்குள் எழுந்து உட்கார்ந்து அழுதாள்.

புஷ்பவள்ளி தூளியிடம் போகவில்லை. இன்னொரு பாயை விரித்து, தலைக்குக் கையை வைத்து, நீட்டிப் படுத்தாள்.

"என்னாங்க."

"ம்."

"பிள்ள அழுவுது."

"எனக்குப் பாட்டு எங்க புள்ள வருது?"

"முதல் படி என்னா?"

சீரான மூச்சு கொஞ்ச நேரம் நின்றுபோயிற்று. பிள்ளை இன்னும் உரக்க அழுதது.

"ஆயத்தம்" என்றான் காளியப்பன், சுவரிடம்.

"ரெண்டாம் படி?"

"…எடுத்துரைத்தல்."

"எந்திரிங்க."

அவன் எழுந்தான். வேட்டியை இறுக்கிக் கட்டினான். வாசல் கதவைச் சாத்தினான். தோட்டத்துக்குத் தெரிந்தால் மானம் போய்விடும். தூளிக்கயிற்றைப் பிடித்தான். செருமிவிட்டுப் பாடினான். முதல் படியும் இரண்டாம் படியும் போயிற்று. மூன்றாம் படியில், "ஒண்ணுக்கொண்ணு பாக்கணும்" என்றதும் நிறுத்தினான்.

"ஏ புள்ள, அந்த வரியையும் பாடணுமா?"

திரும்பிப் பார்த்தான். புஷ்பவள்ளி தூங்கிப்போயிருந்தாள். அவன் குரலைத் தாழ்த்தி, அந்த வரியை விட்டுவிட்டு, நாலாம் படிக்குப் போனான்.